பதினேழு நாள்

ஆலை வாசலில் என்னைப் பார்த்துக் குரைக்கிற நாய் கிடையாது.
ஆறு வருஷம். அதே கேட், அதே பாய்லர்,
செம்பனைப் பழம் வேகும் அதே வாடை சட்டையில்.
சம்பளத்தாளின் தலையில் மட்டும்
மூன்று தடவை மாறிவிட்டது கம்பெனிப் பெயர்.
குத்தகைக்காரர் மாற்றுவார்,
நாங்கள் லோரி மூக்கில் தாளை வைத்துக் கையெழுத்துப் போடுவோம்.

அதனால் ஆபீஸ் கணக்கில்
எனக்கு இன்னும் ஒரு வயசு முடியவில்லை.

கிராணி புவான் ரோஸ்னா நல்லவர்.
அப்பனுக்கு ஏழு நாள் உண்டு, சம்பளத்தோடு, என்றார்.
கல்யாணப் பதிவு? இருக்கிறது.
ஐந்து பிரசவம் வரைக்கும். இதுதான் முதல்.
முப்பது நாள் முன்னால் கடிதம். இதோ.
ஒரே முதலாளியிடம் பன்னிரண்டு மாசம்...
பேனா அங்கே நின்றது.
ஜூன் இரண்டில் நிறைகிறது, பிள்ளை ஜூன் ஒன்பதுக்குத்தானே?
"போலே, போலே" என்று முத்திரை குத்தினார்.
அன்று சாயங்காலம் தாப்பா பாசாரில்
அரை கிலோ கோழி கூடுதலாக வாங்கினேன்.

மே பதினாறு, விடியவில்லை,
லோகேஸ்வரிக்குப் பனிக்குடம் உடைந்தது.

மகள். ரெண்டேகால் கிலோ.
கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்த ஒரு கை,
வருகிற லோரியை நிறுத்துகிற மாதிரி.

போன் போட்டேன். அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம்.
பிறகு மலாயில், மெதுவாக,
பதினேழு நாள் குறைகிறதே என்றார்.
கோபித்துக்கொள்ள ஆள் தேடினேன்.
அவரா, குத்தகைக்காரரா,
பெட்டிக்குள் கொட்டாவி விடும் இந்த அவசரக்காரியா?

இரண்டு நாள் சம்பளமில்லாமல் எடுத்தேன்.
மூன்றாம் நாள் ரஃபிகுல் தன் ராத்திரி ஷிப்டைத் தந்து
என் பகலை வாங்கிக்கொண்டான்.
அவன் மகனுக்கு நாலு வயசு.
போனில்தான் பார்த்திருக்கிறான்.
அவனுக்கு எத்தனை நாள் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை,
நானும்தான்.

பகலில் வார்டு, ராத்திரி பாய்லர்.
மூன்று தடவை சோப்புப் போட்டும் நகத்தில் எண்ணெய்.
தாதி என் கையை மோந்துவிட்டு
இன்னொரு தடவை என்றாள்.

ஜூன் இரண்டு பிறந்தபோது
நீராவி முள் இருபதில் நடுங்கிக்கொண்டிருந்தது.
எனக்கு ஒரு வயசு.
அவளுக்குப் பதினேழு நாள்.
அடுப்பு வாயில் நாரைத் தள்ளிவிட்டு
ஆறிப்போன கோப்பியைக் குடித்தேன்.

முத்திரை குத்திய கடிதம் சட்டைப் பையில் மடிந்தே கிடக்கிறது,
ஜூன் ஒன்பது முதல் பதினைந்து வரை.
அந்த ஏழு நாளில்
எனக்கு யாரும் பிறக்கப்போவதில்லை.