நாலணா அளவு

பிரேக்கை மிதித்தால்
முன்னால் பார்க் லைட் மினுங்குகிறது.
ஸ்பீடாமீட்டருக்குள்ளும் லேசாக ஒரு மஞ்சள்,
காய்ச்சல்காரன் கண் மாதிரி.
பின்னால் மட்டும் இருட்டு.

இதை நாலாவது தடவை சொல்கிறார் பெள்ளி.
பேங்கில் விருப்ப ஓய்வு வாங்கிய பணத்தில் பாதி
இந்த பேபி ஹிந்துஸ்தானுக்குள் போயிருக்கிறது.
வீட்டில் இன்னும் கணக்குக் கேட்கவில்லையாம்.

பெட்போர்டில் என் ஷெட்டுக்குள்
நாலு மணிக்கே மூடுபனி வந்து உட்கார்ந்துகொள்ளும்,
அவசரமில்லாத கஸ்டமர்.
டெஸ்ட் லாம்ப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்தேன்.

பச்சையில் ஊதாக் கோடு பிரேக்.
சிவப்பு பார்க்.
கருப்பு எர்த்.
எல்லாம் கோவையிலிருந்து வந்த புது வயர்.
ஃப்யூஸ் நன்றாக இருக்கிறது, பல்பும்.
ஹோல்டர் வரைக்கும் கரண்ட் வந்து நிற்கிறது.
வந்துவிட்டது. திரும்பிப் போகத்தான் வழியில்லை.

"வயரிங்கையே மாத்திடலாமா ஜெசிந்தா?"
"மாத்தலாம் சார். மாத்தினாலும் இதேதான் செய்யும்."

கரண்டுக்குச் சும்மா நிற்கத் தெரியாது.
நேர்வழி அடைத்திருந்தால்
பக்கத்துக் கம்பிக்குள் புகுந்து
வண்டியைச் சுற்றிக்கொண்டு போய்
முன்பக்கத்தில் எர்த்தைப் பிடிக்கும்,
பர்லியாரில் மண் சரிந்த அன்று
கோத்தகிரி சுற்றி மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸைப் போல.
போய்ச் சேரும்.
சேரும்போது வெளிச்சம் தர
அதனிடம் எதுவும் மிச்சமிருக்காது.

கருப்பு வயரின் பின்னாலேயே போனேன்.
ஒரு வாஷர், ஒரு ஸ்க்ரூ,
அதற்கடியில் இக்பால் அடித்த பெயின்ட்.

இக்பாலைக் குறை சொல்ல முடியாது.
ஏழு கோட்டிங், நடுநடுவே தண்ணீர்ப் பேப்பர்.
யாரும் எட்டிப் பார்க்காத டிக்கி மூலையிலும்
தேயிலையின் இரண்டாம் இலைப் பச்சை.
துருவுக்குப் பொட்டு இடம் விடவில்லை.
எனக்கும்தான்.

"சுரண்டணும் சார்."
"எவ்வளவு?"
"நாலணா அளவு."
ஊசி போடும்போது
பிள்ளையின் கையைப் பிடிக்கச் சொன்ன தகப்பனாய்
கொஞ்ச நேரம் நின்றார்.
மழை வருதா பார்க்கிறேன் என்று வெளியே போய்விட்டார்.
அந்தப் பனியில் என்ன மழை தெரியும்.

ஸ்க்ரூடிரைவர் முனையால் கீறி
எமரித் தாளைச் சுண்டுவிரலில் சுற்றித் தேய்த்தேன்.
பச்சை போனது, சாம்பல் பிரைமர் போனது,
அதற்கும் கீழே ஒரு பழைய மெரூன்.
அட, இந்த மூலையில் மட்டும்
இக்பாலும் பழசின் மேலேயே அடித்திருக்கிறார்.
இதை நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை.
கடைசியில் தகரம்,
மீன் வயிறாட்டம் வெள்ளை.

ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு வாசலைப் பார்த்துக் கத்தினேன்,
"வந்து மிதிங்க!"
மிதித்தார்.
என் இரண்டு கையும் சிவந்தன,
பின்னால் நின்ற பனியும்.
பார்க் லைட் இரண்டும்
தமக்குச் சம்பந்தமில்லை என்று கிடந்தன.

பில்லில் என்ன போட என்று கேட்டேன்.
"சுரண்டினதுன்னு மட்டும் எழுதாதே."
எர்த், நூற்றைம்பது என்று எழுதினேன்.

வண்டியை ரோட்டுக்குத் திருப்பும்போது
ஸ்டீயரிங் வலப்பக்கம் ஒடிந்ததும்
ஹாரன் தானாக ஒரு தரம் கத்தியது.
அவரும் கேட்காத மாதிரி இருந்தார்,
நானும்.