கைக்கு எட்டியது

வெள்ளிக்கிழமை இரவு ஜெபத்தில்
என் இடம் மேடையின் இடது ஓரம்,
ஜெனரேட்டர் சத்தம் நேராக வந்து அடிக்கும் ஜன்னலருகே.
காது கேளாத நான்கு பேருக்கு
போதகர் நோர்ட்டே வாயால் சொல்வதைக்
கையால் சொல்கிறேன்.
சம்பளம் கிடையாது. திரும்பிப் போக வண்டிக்காசு
சில வாரம் தருவார்கள், சில வாரம் மறந்துவிடுவார்கள்.

பிரசங்கம் சுலபம்.
பாவம், கிருபை, கடன், விசா,
டேமா துறைமுகத்தில் வேலை,
எல்லாவற்றுக்கும் சைகை உண்டு.
பிசாசுக்குக்கூட நெற்றியோரம் இரண்டு விரல்.

பதினோரு மணிக்கு மேல்தான் தொல்லை.
முரசு வேகம் பிடிக்கும்.
போதகர் கண்ணை மூடுவார்.
பிறகு அவர் வாயில் வருவது
எவேயும் இல்லை, கா மொழியும் இல்லை, ஆங்கிலமும் இல்லை.
முன்னூறு பேர் அந்நிய பாஷையில் எழும்ப
தகரக் கூரை மழையில்லாமலே இரையும்.
என் கைகள் மட்டும்
அந்தரத்தில் நிற்கும்,
சிவப்பு விழுந்த இடத்தில் லாரி மாதிரி.

முதல் வருடம் "ஜெபிக்கிறார்" என்று காட்டினேன்.
ஜெபிக்கிறார். ஜெபிக்கிறார். இன்னும் ஜெபிக்கிறார்.
ஜிக்போர்டி என்னை முறைத்தாள்,
மீன் சந்தையில் அடுத்தவர் தராசைப் பார்க்கிற பார்வை.
"என்னதான் சொல்கிறார்?"
தெரியாது.
"உனக்குத்தான் கேட்கிறதே?"
கேட்கிறது. புரியவில்லை.
தோள் குலுங்கச் சிரித்தாள்.
பக்கத்தில் இருந்த வெல்டர் செலோமைக் கிள்ளி
அவனிடம் கைகாட்டினாள்:
"இந்த ஒரு மணி நேரம்
எல்லாரும் நம்மைப் போல."

அன்றிலிருந்து அந்த நேரத்தில்
நான் கையைக் கீழே போட்டுவிடுவேன்.
அவர்கள் செருப்பைக் கழற்றி
மேடைப் பலகையில் பாதம் வைப்பார்கள்.
குதிகால் வழியாக முரசு ஏறும்.
செலோம் சில நாள் தூங்கியும்விடுவான்.

போன ஹர்மட்டான் காற்றில்,
டியூப்லைட்கூடப் புழுதியில் பழுத்துத் தெரிந்த ராத்திரி,
ஜிக்போர்டி எழுந்தாள்.
அவளுக்கு முன்பே கைகள் எழுந்திருந்தன.
"மீன்" என்று ஆரம்பித்த மாதிரி இருந்தது.
மீன் இல்லை.
"அம்மா" முகவாய்க்குப் போகும் வழியில்
மனம் மாறி
நெஞ்சுக்குக் கீழே எங்கோ இறங்கிற்று.
விரல்கள் ஒன்றையொன்று தேடின, தப்பவிட்டன,
மறுபடி தேடின.
என் அண்ணன் மாம்போங் பள்ளியிலிருந்து
லீவுக்கு லீவு கொண்டுவந்த சைகைகளில்
அது எதுவும் இல்லை.
செதில் ஒட்டிய மணிக்கட்டு இரண்டும்
மினுங்கிக்கொண்டே இருந்தன.

முதலில் முரசுக்காரன் நிறுத்தினான்.
பிறகு முன்வரிசை. பிறகு மற்றவர்கள்.
போதகர் என்னிடம் மைக்கை நீட்டினார்.
"எசினாம், என்ன சொல்கிறாள்?"

எட்டு வருடத்தில் அந்த மைக்
என் பக்கம் வந்ததே இல்லை.
சொல்ல எவ்வளவோ இருந்தது.
கர்த்தர் ஒரு பெரிய கதவைத் திறக்கிறார்,
இங்கே ஒருவருக்கு வரும் புதன்கிழமை அற்புதம்.
ஆமென் சொல்ல முன்னூறு வாய் தயாராக இருந்தது.

மைக்கைத் தரையில் வைத்தேன்.
அது ஸ்பீக்கரைப் பார்த்து வீறிட்டது.
நான்கு பேரைத் தவிர
எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

நானும் செருப்பைக் கழற்றினேன்.
பலகையில் பாதம் வைத்தேன்.
முரசு நின்றுபோயிருந்தது,
ஆனாலும் ஏதோ ஏறியது, முழங்கால் வரை.
ஜெனரேட்டராகத்தான் இருக்கும்.

விடிகாலை ட்ரோட்ரோவில்
அவள் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.
என்ன சொன்னாய் என்று கேட்டேன்.
குளிருகிறதாம்.
அதை முகத்தாலேயே சொல்லிவிட்டு
கைகள் இரண்டையும் அக்குளில் செருகிக்கொண்டாள்,
மீன் சந்தை முக்கு வரும்வரை
எடுக்கவே இல்லை.