நான்கு பைட்

ஹார்லிங்கன் துறைமுகத்துக்குப் பின்னால்
மூடிப்போன பால்பொடி ஆலையில் அதைச் செய்தோம்.
எண்பத்து மூன்றாம் வருடம்.
ஈயம் உருகும் புகையையும் மீறி
சுவரிலிருந்து பால் வாடை வரும்.

பெயர் கீவிட். ஆட்காட்டிப் பறவை.
வசந்தத்தின் முதல் முட்டையைத் தேடி
எங்கள் ஊரே புல்வெளியில் குனிந்து திரியுமே,
அந்தப் பறவை.
ஸ்விட்சைப் போட்டால் இரண்டு முறை கூவும்.
மூன்றாவது கூவல் கேட்டால்
என் மேசைக்கு வந்துவிடும்.

திரும்பி வந்தவற்றின் மேசை என்னுடையது.
நூற்றுக்கு இருபத்தேழு.
கணக்கைக் காட்டினால் ட்யாலிங் ஜன்னலைப் பார்ப்பார்.
"பிறந்த வீட்டு ஏக்கம், கேஸ்கெ."
கோபம்தான் வரும். சிரித்தும் தொலைத்திருக்கிறேன்.

ஏக்கமாவது ஒன்றாவது.
முப்பது சென்ட் மின்தேக்கி ஒன்றை
விலையைக் குறைக்கப் பிடுங்கிவிட்டார்.
அடுக்களையில் குளிர்பெட்டி உறுமியதும்
கீவிட்டுக்கு எல்லாம் மறந்துவிடும்.

ஸ்வோலெயிலிருந்து ஒரு தாய் எழுதினாள்:
குளிர்பெட்டியை இரவெல்லாம் அணைத்துவைத்து
என் மகன் நிலவில் இறங்கிவிட்டான்.
நான்கு லிட்டர் பால் திரிந்தது.
யார் ஈடு தருவது?

நான்தான் தந்தேன்.
ஓர் உறையில் மின்தேக்கி,
எங்கே பற்றவைப்பதென்று ஒரு படம்,
என் காசில் தபால்தலை.
இருநூறுக்கு மேல் எண்ணவில்லை.

அப்படிப்பட்ட கஞ்சர்
ஒரு சொல்லுக்காக மட்டும் மேசையைத் தட்டினார்.

தப்பாக எதையாவது தட்டினால்
மற்ற பெட்டிகள் 'பிழை' என்று குரைத்த காலம்.
கீவிட் சொல்லும்:
எனக்கு இன்னும் புரியவில்லை.

யெல்மர் கெஞ்சினான். சில்லில் இடமில்லை.
எங்கள் மொழியில் 'இன்னும்' மூன்றே எழுத்து,
பின்னால் ஓர் இடைவெளி. நான்கு பைட்.
"அதை வெட்டுங்கள்,
வர்க்கமூலம் ஏழாம் இலக்கம்வரை சரியாக வரும்."
"வர்க்கமூலம் ஆறோடு நிற்கட்டும்" என்றார்.
நின்றது.

அடுத்த இலையுதிர் காலத்தில் கம்பெனியும் நின்றது.
திவால் செய்தியை நாங்கள்
ரொட்டிக் கடையில் கேட்டோம், அவர் வாயால் அல்ல.
இரண்டு மாதச் சம்பளத்துக்குப் பதில்
ஆளுக்கொரு கீவிட்.
அந்தக் குளிர்காலம் வாடகைக்காரனிடம்
அதைக் கொடுத்துப் பார்த்தேன். வாங்கவில்லை.

பிறகு தெற்கே எங்கோ
தக்காளிக் கூடங்களுக்கு வெப்பமூட்டி விற்றாராம்.
இந்தப் பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார்.
செய்தித்தாள் 'முன்னோடி' என்றது,
பக்கத்தில் வேறு யாருடைய கணினியையோ போட்டு.

சடங்கில் பதினோரு பேர்.
மதகுகளுக்கு நிரல் எழுதுகிற ஒருத்தி
காபிக் கோப்பையோடு என்னிடம் வந்தாள்.
"பள்ளியில் சிவப்பு மை வாங்கியே வளர்ந்தேன்.
பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டது
அந்தப் பெட்டி ஒன்றுதான்."
உங்கள் வீட்டிலும் பால் திரிந்ததா என்று கேட்டேன்.
"மோர் குடிக்கப் பழகிக்கொண்டோம்."

வீடு திரும்பி
பரணிலிருந்து என் சம்பளத்தை இறக்கினேன்.
முட்டை ஓட்டுப் புள்ளிகள் போட்ட மூடி,
'ஈ' விசையில் எவனோ வைத்த சிகரெட் தழும்பு.
குளிர்பெட்டியை மறக்காமல் அணைத்தேன்.
ஊருக்கெல்லாம் அனுப்பிய மின்தேக்கியை
என்னுடையதில் வைக்கவே இல்லை.

இரண்டு முறை கூவியது.

என்ன தட்டுவதென்று தெரியாமல்
அவர் பெயரைத் தட்டினேன்.

எனக்கு இன்னும் புரியவில்லை.

சம்பளம் என்று தட்டினேன். அதே பதில்.
வைதேன், நம் மீனவர் பாஷையில்.
அதே பதில், அதே பணிவு.
அந்தச் சொல் நடுவில் மினுங்கிக்கொண்டு நின்றது,
ஒரு வர்க்கமூலத்தைத் தின்றுவிட்டு.

மணி ஒன்றரை.
நாளைக் காலைக்குப் பால் இருந்தது உள்ளே.
எழுந்து போய்
குளிர்பெட்டியின் ஸ்விட்சைப் போட்டேன்.