சேதம்: ஒன்று

எங்கள் காம்பியாவில் வாக்கு என்பது
ஒரு கண்ணாடிக் கோலி.
சிரிக்காதீர்கள்.
வேட்பாளருக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு பீப்பாய்,
பீப்பாய்க்கு ஒரு குழாய்,
குழாயின் அடியில் ஒரு மணி.
கோலி விழும். கிணிங்.
ஒரு ஆள் முடிந்தது.

படிக்கத் தெரியாதவர்களுக்கு இது போதும் என்று
வெள்ளைக்காரர் செய்தது.
போகும்போது கொடியை மடித்து எடுத்துக்கொண்டார்கள்,
பியானோவையும்.
பீப்பாயை விட்டுப் போனார்கள்.
நாலு பேர் கூட அனுமதிச் சீட்டு கேட்கும் சட்டத்தையும்
விட்டுப் போனார்கள்.
இரண்டையும் துருப்பிடிக்காமல்
பார்த்துக்கொண்டது நாங்கள்தான்.

நான் சார்ஜோ மன்னே.
வடகரையில் வட்டார அலுவலக எழுத்தர்.
தேர்தலன்று மட்டும் எனக்குக் காதுதான் உத்தியோகம்.
திரைக்கு இப்பால் உட்கார்ந்து கேட்க வேண்டும்:
ஒருவருக்கு ஒரு மணி.
இரண்டு கேட்டால் கள்ள ஓட்டு.
பீப்பாய்க்குள் மரத்தூள் பரப்பியிருக்கும்,
கோலியும் கோலியும் பேசிக்கொள்ளாதபடி.
சாவடிப் பக்கம் சைக்கிள் ஆகாது.
ரொட்டி விற்கும் தெம்பா குஜாபி
தன் சைக்கிள் மணியைத் துணியால் கட்டி
ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவான்,
வாயில் துணி அடைத்த ஒருவனை
இரவில் நடத்திப் போவதுபோல.
இந்த உவமையை அப்போது
நான் யாரிடமும் சொன்னதில்லை.

இருபது வருடத்துக்கு மேல் ஒரே நிறம் வென்றது.

அந்த டிசம்பரில், பத்தரை மணி இருக்கும்,
நியிமா தராபோ உள்ளே போனாள்.
அவள் தம்பியை நம்பர் இல்லாத ஜீப் ஒன்று
ஏற்றிப் போய் மூன்று வருடம்.
காதைத் தீட்டினேன்.
ஒன்றுமில்லை.
வெளியே எங்கோ ஒரு ஆடு இருமியது.
அவள் வந்தாள், வலது கை மூடியபடி.
என் கண்ணை நேராகப் பார்த்தாள்.
சட்டப்படி நான் கத்த வேண்டும்.
"அடுத்தவர்" என்றேன்.

இரவு விளக்கு வெளிச்சத்தில் அங்கேயே எண்ணினோம்.
குழிப் பலகைகளில் கோலிகள்
பள்ளிப் பிள்ளைகள்போல உட்கார்ந்தன.
கடைசிப் பலகையில் ஒரு குழி காலி.
குறிப்பேட்டில் எழுதினேன்,
சேதம்: ஒன்று.

நிறம் மாறிவிட்டது.
ஆற்றங்கரை முழுக்க ஆட்டம்,
பிளாஸ்டிக் குடங்களெல்லாம் மேளம்.
நானும் ஆடினேன், இடுப்பு ஒரு வாரம் வலித்தது.
அலுவலகச் சுவரில் பெரிய படத்தை இறக்கினோம்,
அடியில் சுவர் சதுரமாக வெளுத்திருந்தது.
அந்தச் சதுரத்துக்கு அளவெடுத்ததுபோல
தலைநகரிலிருந்து புதுப் படம் வந்தது.
அனுமதிச் சீட்டுப் படிவம் அதேதான்.
'நோக்கம்' என்ற இடத்தில்
இப்போதும் ஒரே ஒரு வரி.

இரண்டாம் மழைக்காலம் கழிந்து நியிமா வந்தாள்.
பம்பு உடைந்து எட்டு மாதம்,
பெண்கள் இங்கே வந்து நிற்கப் போகிறார்கள்.
படிவத்தை நீட்டினேன். பத்து நாள் ஆகும் என்றேன்.
என் குரலை நானே கேட்டேன்,
அது எனக்கு முந்தி அந்த நாற்காலியில்
இருந்தவனின் குரல்.

அவள் கோலியை மேசைமேல் வைத்தாள்.
"அன்றைக்கு, திரைக்குள்ளும்
எவனோ இருப்பதுபோல் இருந்தது.
இன்றைக்குப் போடுகிறேன். மணி எங்கே?"

மேசை வெள்ளைக்கார அதிகாரியினுடையது,
ஒரு கால் குட்டை.
கோலி உருண்டது.
விழுமுன் பிடித்துவிட்டேன்.
நிமிர்ந்தபோது அவள் இல்லை,
படிவம் இருந்தது, வெள்ளையாக.

மறுநாள் நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள்.
காலிக் கேன்களைத் தட்டவில்லை, பாடவில்லை,
சும்மா கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்தார்கள்.
இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து கேட்டார்:
அனுமதி இருக்கிறதா?
பார்க்கிறேன் என்று இழுப்பறையை இழுத்தேன்.
பின்னாலிருந்து உருண்டு வந்து
முத்திரை டப்பாவில் மோதியது.
கிணிங்.
"என்ன சத்தம்?" என்றார்.
"இருக்கிறது" என்றேன்.

பம்பா? இன்னும் இல்லை.
வாஷர் படகேறிவிட்டதாகச் சொல்கிறார்கள்.
செவ்வாய்தோறும் அவர்கள் வருகிறார்கள்.
நான் இழுப்பறையை
கொஞ்சம் வேகமாகவே இழுக்கிறேன்.