ஐம்பத்தாறு

திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில்
மூடியில்லாத மிக்ஸி ஜாருக்கும் பழைய இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவே
படுத்துக் கிடந்தது.
குடை என்று நினைத்துத்தான் குனிந்தேன்.
முந்நூற்றைம்பது சொன்னார், இருநூறுக்குப் படிந்தது.
இரும்புத் தலையில் 56 என்று வெட்டியிருந்தது.
வரிசை எண் போல,
மிச்சம் ஐம்பத்தைந்தும் யார் வீட்டுப் பரணிலோ என்று
டவுன் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.
அது முகத்தின் சாய்வு, பாகைக் கணக்கு என்று தெரிய
ஒரு மாதம் ஆனது.

டவுன்ஹால் ரோட்டில் பந்து கேட்டால்
ஹாக்கிப் பந்தைக் காட்டுகிறார்கள்.
கொடைக்கானலில் ஒருவர்
பள்ளத்தில் பொறுக்கியவை என்று டஜன் கொடுத்தார்.
ஒன்றில் யாரோ பேனாவால்
புள்ளி வைத்திருக்கிறார்கள்.

வண்டியூர்க் கண்மாய் பங்குனியிலேயே வறண்டுவிட்டது.
நான் இறங்குவது காலை ஐந்தே முக்காலுக்கு.
லேபில் முதல் ஊசி ஏழரைக்கு.
மடையிலிருந்து இருபது தப்படியில் ஒரு சைக்கிள் டயர்,
அதுதான் குழி, கொடி, எல்லாம்.
தூரமாக அடிக்க இடமும் இல்லை, ஆசையும் இல்லை.
இடுப்பு உயரம் எழும்பி
ஒருமுறை குதித்து
கொஞ்சம் யோசித்து நிற்கிற அடி போதும்.
அதுதான் வரமாட்டேன் என்கிறது.

பிடியில் மட்டும் எனக்குச் சலுகை.
இருபத்திரண்டு வருஷமாய்
பச்சைப்பிள்ளைகளின் புறங்கையில் நரம்பு தேடுகிற விரல்கள்.
இறுக்கினால் நழுவும் என்று அவற்றுக்குத் தெரியும்.
தோளுக்குத்தான் தெரியவில்லை.
தூக்கிவிடப் பார்த்தால்
பந்து தரையோடு ஓடி ஆட்டுக்காலைத் தட்டுகிறது.
கீழ்நோக்கி அடித்தால்தான் மேலே எழும்புமாம்.
இதை நம்பவே சித்திரை தீர்ந்துவிட்டது.

புல்லைக் கட்டையாக வைத்திருப்பவை ஒச்சம்மாளின் ஆடுகள்.
பெயர்ந்த புல்லை எடுத்துத் திரும்பப் பொருத்தி
காலால் அமுக்கிவிட்டு நிமிர்வதற்குள்
ஒரு குட்டி வந்து அதையும் பிடுங்கித் தின்கிறது.

"எதுத்து ஆடுறது ஆருக்கா?"
"யாருமில்ல."
"அப்ப நீ தோக்கவே மாட்டியே."
"தோத்துக்கிட்டேதான் இருக்கேன்."
கொஞ்ச நேரம் என்னையே பார்த்திருந்தாள்.
பிறகு ஒரு வெள்ளாட்டை, காரணமில்லாமல், வைதாள்.

ஒருநாள் கரையில் புல்லட்டை நிறுத்தி ஏட்டு இறங்கி வந்தார்.
"கம்பிய வச்சு என்னம்மா பண்றீங்க?"
சொன்னேன். கொடுங்க என்றார்.
முதல் வீச்சில் புழுதி.
இரண்டாவதில் கூடுதல் புழுதி.
மூன்றாவது எழுந்து, ஒரு குதி குதித்து,
டயருக்குள் உட்கார்ந்துகொண்டது.
நான் இன்றுவரை போடாத பந்து.
அவர் சிரிக்கவில்லை.
தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏறிப் போய்விட்டார்.
அதற்குப் பிறகு தினமும் கரையில் வண்டி வேகம் குறைகிறது,
இறங்குவதில்லை.

வைகாசி இரண்டாம் வாரம், எண்ணினால் பதினொன்று.
புள்ளி வைத்த பந்தைக் காணோம்.
யானைமலைப் பக்கமாய்
ஒரு ஆள்காட்டி தலைக்குமேல் வட்டமடித்து
என்னை ஊருக்கே காட்டிக்கொடுத்துக் கத்துகிறது.
காய்ந்த வெடிப்பு ஓரம்,
கூடு என்று சொல்ல ஒன்றுமில்லை,
நாலு கூழாங்கல்,
மண் நிறத்தில் நாலு முட்டை.
அவற்றிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி
வெள்ளையாய் என் பந்து.
ஓடு எதிலும் கீறல் இல்லை.

எப்போது அடித்தேன், தெரியவில்லை.
தோள் எப்படி இருந்தது, கை எவ்வளவு தாழ்ந்தது,
எதுவும் ஞாபகமில்லை.
இத்தனை மெதுவாக
நான் எதையும் எங்கும் இறக்கியதில்லை,
அதை நான் பார்க்கவுமில்லை.

எடுக்கவில்லை.
டயரை மட்டும் உருட்டிக்கொண்டு போய்
மடைக்கு அந்தப் பக்கம் போட்டேன்.
அங்கே நெருஞ்சி அதிகம்.
மணி ஏழு தாண்டியிருந்தது.