பென்சில் குறி

நகரசபை நூலகத்தில்
துப்பறியும் கதை அலுமாரி முழுக்க வாசித்து முடித்தவள் நான்.
பதினேழாம் பக்கத்துக்குள் கெட்டவனைப் பிடித்து
பென்சிலால் குறி போட்டுவிடுவேன்.
நூலகர் ஏசுவார்.

மாசியில் மேல்மாடிக்குக் குடிவந்தான்.
சுகிர்தன் என்றான்.
அவனுக்கு வந்த கடிதத்தில் வேறு பெயர்.
கண்டேன். பென்சில் எடுக்கவில்லை.
கதவடியால் தள்ளிவிட்டேன்.

மூன்றாம் நாள் படியில் நின்று
"இருமல் குறைஞ்சிட்டுது போல" என்றான்.
உவர்மலையில் பதினொரு வருஷமாக இருமுகிறேன்,
ஒருவரும் எண்ணியதில்லை.

பிறகெல்லாம் என் வாயாலேயே போனது:
கனடாத் தம்பி பேசாமல் விட்ட தேதி,
வங்கிப் புத்தகம் கிடக்கிற அரிசி வாளி,
நித்திரைக் குளிசை எத்தனை மில்லிகிராம் என்பதுவரை.
அதையே திருப்பி என்னிடம் சொல்லும்போது
அக்கறை மாதிரி இருந்தது.

"அந்த லைப்ரரி மனிசன் உங்களைப் பற்றி
ஒரு மாதிரிக் கதைக்கிறார்" என்றான்.
நூலகம் போவதை விட்டேன்.

திருகோணமலை பஸ் நிலையத்தில்
மான்கள் ரொட்டி சுற்றிய கடதாசி தின்னும், பார்த்திருப்பீர்கள்.
நீட்டுகிற கையில் ரொட்டி இல்லையென்று
அதுகளுக்குத் தெரியும்.
வந்துதான் நிற்கும்.

பொலிசில் முறைப்பாடு எழுதியவர் கேட்டார்:
"எப்ப சந்தேகம் வந்தது?"
முதல் கிழமையே, என்றேன்.
அவருடைய பேனை நின்றது.
"அப்ப ஏன்?"
தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

வீடு திரும்ப இருட்டிவிட்டது.
மேலே கதவுக்கு முத்திரை வைத்திருந்தார்கள்.
படியில் நின்று
ஒருதரம் இருமினேன்,
வேண்டுமென்றே,
கொஞ்சம் சத்தமாக.