நாலில் ஒரு பங்கு

வால்பரைசோவின் இந்தக் குன்றில்
விடியலுக்கு முன் விளக்கெரிவது என் அடுமனையில்தான்.
மராக்கெத்தா சுடுகிறேன்,
நாலாகப் பிய்க்கத் தோதாய் நடுவே பிளந்த ரொட்டி.

பிறக்கும் பிள்ளை கக்கத்தில் ஒரு மராக்கெத்தாவோடு வரும்
என்பார்கள் எங்கள் ஊரில்.
அமாரோ அப்படித்தான் வந்தான்.
நாலு கிலோ அறுநூறு!
எடையைக் கேட்டுக் கடையே கைதட்டியது.
வரும் வழியில் தோள் சிக்கியதையும்
அவள் ரத்தத்தில் யாரும் கவனிக்காத சர்க்கரையையும்
அவன் குதிகாலில் குத்திக் குத்திப் பார்த்த ஊசியையும்
நான் கடைக்குக் கொண்டுவரவில்லை.

இன்னொன்று வேண்டும் என்று பேசிய இரவில்
இவோன் நாள்காட்டியைத் தேடவில்லை.
கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடினாள்.
கரு தங்குமுன்பே தொடங்கிவிட வேண்டுமாம்.

மாலைத் தேநீருக்கு
என் ரொட்டியில் நாலில் ஒரு பங்கு,
அவித்த முட்டை, வெண்ணெய்ப்பழம்.
மீதி மூன்றும் தட்டிலேயே கிடக்கும்,
என்னைப் பார்த்தபடி.
கோபம்தான் எனக்கு, மறைப்பானேன்.
ஊருக்கே சுடுகிறவன் வீட்டில்
ரொட்டியை அளந்தா தின்பார்கள்?

நாள் தள்ளிய சேதி பரவியதும்
எர்மீனியா மாமி கேக்கோடு வந்தாள்:
“ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்டி.”
“ரெண்டாவது ஆள் இன்னும் எலுமிச்சம்பழம் அளவுதான் மாமி,”
என்று இவள் கதவைச் சாத்தாமல் சிரித்தாள்.

சாப்பிட்ட கையோடு படி ஏறுவாள்.
நூற்று எண்பத்து மூன்று படிகள்,
பாதியில் ஒரு நாய், நீலச்சுவர், துறைமுகம்.
ஒருநாள் மழைக்குக் குடை பிடிக்கப் போனேன்.
மறுநாள் மழையில்லை,
போனேன்.

மருத்துவச்சி ஃப்ரெசியா பூசி மெழுகமாட்டாள்:
“ஏறினால் வராது என்று எழுதித் தரமாட்டேன்.
வாய்ப்பு குறையும்.
வந்தால், அது உன் குற்றமில்லை. பார்த்துக்கொள்வோம்.”

சோதனை நாளில்
தித்திக்கும் ஆரஞ்சு நீரைக் கண்மூடிக் குடித்தாள்.
இரண்டு மணி நேரம் நடக்கக் கூடாது.
நாற்காலியில் அவள் கால் மட்டும்
தரையில் படிகளை எண்ணிக்கொண்டிருந்தது.

இன்று முடிவு வந்தது.
மடித்த தாள் என் சட்டைப்பையில்,
மாவுக் கையால் தொடப் பயம்.
அவள் கேட்கவில்லை.
பீன்ஸ் தின்ற தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்,
செருப்பை மாட்டினாள்.
“வா. மேலே போய்ப் பிரிப்போம்.”

ஒன்று.
இரண்டு.
வழியில் நாய் எழுந்து இடம் விட்டது.